மூட்டு வீக்கம், சிஆர்பி, ஒரு வாங்கி: ஆய்வுகூட அன்ரியின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூட்டு வலியைப் பற்றியவை. மழை தொடங்கினால் வழமைதான். வழமை போலவே சொல்லி வைக்கிறேன்: நான் டொக்டர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தக் குழாய்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவள். ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று விளங்கப்படுத்துவேன், மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லமாட்டேன்.

கேள்வி: அன்ரி, அம்மாவுக்கு 61 வயது. ருமட்டொயிட் மூட்டுவாதம். கிழமைக்கு ஒரு தரம் மெதோட்ரெக்சேட் எடுக்கிறா. ஆனாலும் காலையில் விரல் மடங்க ஒன்பது மணியாகிறது. இரும்புச் சத்துக் குளிசை போட்டும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டவில்லை. கிளினிக்கில் டொக்டர் "ஐஎல்-6 வாங்கியை அடைக்கிற ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்கிறார். அதென்ன வாங்கி? அதை அடைத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடாதா? கை மூட்டுக்குப் போடுகிற ஊசிக்கு நெஞ்சு எக்ஸ்ரே எதற்கு? — மகள், வெள்ளவத்தை.

பதில்: நல்ல டொக்டர், நல்ல கேள்வி. நீங்கள் ஹீமோகுளோபினையும் எழுதியது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

ஐஎல்-6, அதாவது இன்டர்லூக்கின்-6, என்பது ஒரு சிறிய புரதம். கிருமி புகுந்தாலும், அடிபட்டாலும், ருமட்டொயிட் நோயில் போல உடம்பு தன் மூட்டையே எதிரியாக நினைத்தாலும், வெண்கலங்களும் மூட்டுச் சவ்வின் கலங்களும் இதைச் சுரக்கின்றன. சுரந்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. எதிரே அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கலத்தில் வாங்கி இருக்கவேண்டும். அந்த வாங்கியைச் செய்யும் கட்டளைதான் ஐஎல்6ஆர் என்ற மரபணு. முதலாம் நிறமூர்த்தத்தின் நீண்ட புயத்தில் இருக்கிறது. அதிலிருந்து உருவாகும் புரதம் 468 அமினோ அமிலம் நீளம். ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் தடாமிட்சு கிஷிமோட்டோவின் குழு 1986-இல் இன்டர்லூக்கின்-6 இன் மரபணுவையும், 1988-இல் இந்த வாங்கியின் மரபணுவையும் பிரித்தெடுத்தது.

வாங்கி தனியாக வேலை செய்யாது. இன்டர்லூக்கின்-6-ஐப் பிடித்த பிறகு, ஜிபி130 என்ற இன்னொரு புரதத்தோடு சேரவேண்டும். செய்தியைக் கலத்துக்குள் கொண்டுபோவது அந்த ஜிபி130தான். உள்ளே ஜாக் என்ற நொதியங்கள் விழித்து, ஸ்டாட்3 என்ற புரதத்தைக் கலத்தின் கருவுக்கு அனுப்ப, அங்கே வேண்டிய மரபணுக்கள் திறக்கின்றன. மூட்டுவாதத்துக்குக் குளிசையாகக் கொடுக்கும் டோஃபாசிடினிப் அடைப்பது இந்த ஜாக்கை.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஜிபி130 உடம்பில் அநேகமாக எல்லாக் கலத்திலும் உண்டு. ஐஎல்-6 வாங்கியோ ஈரல் கலத்திலும் சில வகை வெண்கலங்களிலும் மட்டும்தான். அப்படியென்றால் மூட்டுச் சவ்வுக் கலத்துக்கு இந்தச் செய்தி எப்படிக் கேட்கிறது? எழுபதுகளில் எங்கள் லேனில் ஒரே ஒரு வீட்டில்தான் டெலிபோன் இருந்தது. அழைப்பு வந்தால் அந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் சேதி. இன்றைக்குக் கையில் போனை எடுத்துக்கொண்டு படலையடியில் வந்து நின்றால், போன் இல்லாத வீட்டாரும் கதைக்கலாம். வாங்கியும் இரண்டு விதமாக இருக்கிறது. கலத்தின் மேல் பதிந்திருப்பது ஒன்று. அதை ஏடம்17 என்ற நொதியம் கத்தரித்துவிட, கலத்தை விட்டுக் கழன்று இரத்தத்திலும் மூட்டு நீரிலும் மிதப்பது மற்றது. மிதக்கும் வாங்கி இன்டர்லூக்கின்-6-ஐப் பிடித்துக்கொண்டு போய், சொந்த வாங்கி இல்லாத கலத்தின் ஜிபி130-இலும் ஒட்டும். அம்மாவின் மூட்டு நீரில் இன்டர்லூக்கின்-6, மிதக்கும் வாங்கி இரண்டும் தாராளமாக இருக்கும். சவ்வு தடிப்பதற்கும், எலும்பை அரிக்கும் கலங்கள் உருவாவதற்கும் அது ஒரு முக்கிய காரணம்.

ஹீமோகுளோபினுக்கு வருகிறேன். ஈரலுக்குச் செய்தி கேட்டால் அது ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைச் சுரக்கும். ஹெப்சிடின் கூடினால் குடல் இரும்பை உள்ளே விடாது, சேமிப்பில் இருக்கும் இரும்பும் வெளியே வராது. அதனால் குளிசை விழுங்கியும் பயன் தெரியாது. அம்மாவின் சோகைக்கு இதுதான் ஒரே காரணம் என்று இங்கிருந்து சொல்லமாட்டேன், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கவேண்டும். ஆனால் மூட்டின் அழற்சி அடங்கிய பிறகு இரும்புக் குளிசையை மாற்றாமலே ஹீமோகுளோபின் ஏறிய ரிப்போர்ட்டுகளைக் கையால் எழுதியிருக்கிறேன்.

டொக்டர் சொன்ன ஊசி டொசிலிசுமாப் ஆக இருக்கும். எலியில் கிடைத்த எதிருடலை மனிதப் புரதம் போல மாற்றியமைத்துச் செய்தது. பதிந்த வாங்கி, மிதக்கும் வாங்கி இரண்டையும் அது பிடித்துக்கொள்ளும். ஜப்பானில் 2005-இல் காசில்மன் நோய் என்ற அபூர்வ நோய்க்கும், 2008-இல் ருமட்டொயிட் நோய்க்கும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 2010-இல். நரம்பில் ஏற்றினால் நான்கு கிழமைக்கு ஒரு தரம், தோலுக்கடியில் போட்டால் பொதுவாகக் கிழமைக்கு ஒன்று.

எதிர்ப்புச் சக்தி முழுவதும் போகாது, குறையும். அதற்குத்தான் நெஞ்சு எக்ஸ்ரே. காசநோய்க் கிருமி நுரையீரலில் ஆண்டுக்கணக்காகப் பேசாமல் கிடக்கக்கூடியது. காவலைத் தளர்த்தினால் எழும்பும். எக்ஸ்ரேயோடு கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ, மஞ்சட்காமாலை பி வைரசுக்கான இரத்தப் பரிசோதனை ஆகியவையும் கேட்பார்கள். சலிக்காமல் எல்லாம் செய்யுங்கள். ஊசி தொடங்கிய பிறகு வெண்கல எண்ணிக்கை, ஈரல் நொதியம், கொலஸ்ட்ரோல் ஆகியவற்றை இடைக்கிடை பார்ப்பார்கள். கொலஸ்ட்ரோல் ஏறினால் அம்மா ஒளித்து வடை சாப்பிட்டா என்று சண்டை பிடிக்கவேண்டாம், இந்த மருந்திலேயே ஏறுவதுண்டு. கடுமையான வயிற்று நோவு வந்தால் மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. அரிதாகக் குடலில் துளை விழலாம்.

இன்னொன்று. ஊசி போட்டபின் யாராவது "ஐஎல்-6 அளந்து பாருங்கள்" என்று விலை கூடிய பரிசோதனை எழுதினால் எதற்கு என்று கேளுங்கள். இரத்தத்தில் அதன் அளவு ஊசிக்குப் பிறகு கூடித்தான் வரும். பிடித்து அகற்றுகிற வாங்கி அடைபட்டுவிட்டதே! அது கூடினால் நோய் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

கேள்வி: என் சிஆர்பி போன மாதம் 48, இந்த மாதம் 24. தம்பியுடையது 12. எல்லாம் இரண்டின் பெருக்கமாக வருகிறதே, குத்துமதிப்பாக எழுதுகிறார்களா? — கொட்டாஞ்சேனை வாசகர்.

பதில்: ஐயா, உங்கள் கண்ணுக்கு ஒரு சலூட். இத்தனை வருடத்தில் இதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் கூடுகிற ஒரு புரதம். குத்துமதிப்பு இல்லை, அந்தப் பரிசோதனையின் படிக்கட்டே அப்படி. கறுப்புத் தகட்டில் உங்கள் சீரம் ஒரு துளி, சிஆர்பியைப் பிடிக்கும் எதிருடல் பூசிய லேட்டெக்ஸ் பால் ஒரு துளி. கலந்து இரண்டு நிமிடம் மெல்ல ஆட்டவேண்டும். லீட்டருக்கு 6 மில்லிகிராம் அளவுக்குச் சிஆர்பி இருந்தால் பால் திரிந்து வெள்ளை மணல் மாதிரித் தெரியும். திரிந்தால் சீரத்தைப் பாதியாக ஐதாக்கித் திரும்பச் செய்வோம். அதிலும் திரிந்தால் 12. கால்வாசியிலும் திரிந்தால் 24. எட்டில் ஒன்றிலும் திரிந்தால் 48. கடைசியாகத் திரிந்த படியைத்தான் ரிப்போர்ட்டில் எழுதுவது. ஆகவே உங்கள் 48 உண்மையில் 50 ஆகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம். 48-இலிருந்து 24-க்கு வந்தது ஒரு படி இறக்கம், அவ்வளவுதான். நல்ல செய்திதான், ஆனால் பாதி நோய் போய்விட்டது என்று கணக்குப் போடாதீர்கள். இயந்திரத்தில் அளக்கும் இடங்களில் 31.7 என்ற மாதிரி எண் வரும். எங்கே செய்தாலும் ஒரே இடத்தில் தொடர்ந்து செய்யுங்கள். அலகையும் பாருங்கள், டெசிலீட்டருக்கு 4.8 என்று எழுதினாலும் அது லீட்டருக்கு 48தான்.

வெள்ளவத்தை மகளுக்கு எழுதியதோடு இதைச் சேர்த்து வாசியுங்கள். சிஆர்பியைச் சுரப்பது ஈரல். இன்டர்லூக்கின்-6 தன் வாங்கியில் போய் ஒட்டியதும் சுரக்கும். 1930-இல் நியூயோர்க்கில் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நியுமோனியா நோயாளரின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். இரத்தத்தில் இதன் அரைவாழ்வு ஏறத்தாழ 19 மணித்தியாலம். அதனால்தான் கிருமி அடங்கினால் சில நாளிலேயே இறங்குகிறது. செங்கலங்கள் படியும் வேகத்தைப் பார்க்கும் ஈஎஸ்ஆர் அப்படியல்ல, கிழமைக்கணக்கில் இழுக்கும்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகன் என் உமிழ்நீரை அனுப்பி டிஎன்ஏ பார்த்தான். ரிப்போர்ட்டில் "ஐஎல்6ஆர், சிசி" என்று போட்டு, அழற்சி மரபணுவில் மாற்றம் என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. வயது 58. சீனியும் பிரஷரும் இருக்கிறது. நித்திரை இல்லை. பேரப்பிள்ளைகளுக்கும் பார்க்கவேண்டுமா? — தெஹிவளை.

பதில்: சிவப்பு மையைக் கண்டுபிடித்தவனைத்தான் முதலில் பிடிக்கவேண்டும்.

நீங்கள் சொல்லும் மாற்றம் நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. வாங்கிப் புரதத்தின் 358-ஆவது இடத்தில் அஸ்பாட்டிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் அலனின் வருகிறது. டிஎன்ஏயில் ஏ-க்குப் பதில் சி. உங்களுக்கு அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் சி. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 40 வீதமான பிரதிகளில் இது உண்டு. அந்தக் கணக்குக்கு ஆறு பேரில் ஒருவர் உங்களைப் போல சிசி. நோய் என்றால் இத்தனை பேருக்கு இருக்குமா?

இது என்ன செய்கிறது? 358-ஆவது இடம் நொதியம் கத்தரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அலனின் இருந்தால் கத்தரிப்பு சுலபம். கலத்தின் மேல் பதிந்த வாங்கி குறைய, மிதக்கும் வாங்கி கூடும். 2012-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்றில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவு. சி-யின் ஒவ்வொரு பிரதிக்கும் மிதக்கும் வாங்கி சராசரியாக 34.3 வீதம் கூடியிருந்தது. இன்டர்லூக்கின்-6-உம் 14.6 வீதம் கூடுதல். ஆனால் சிஆர்பி 7.5 வீதம் குறைவு! ஈரல் கலத்தில் வாங்கி குறைந்ததால் செய்தி கேட்கவில்லை. ஊசி செய்கிற அதே வேலையை, மிக மெலிதாக, பிறப்பிலிருந்தே செய்துகொண்டிருக்கிறது இந்த எழுத்து. அதே ஆய்வில் மாரடைப்பு உள்ளிட்ட இதய நாடி நோயின் ஆபத்து ஒவ்வொரு பிரதிக்கும் 3.4 வீதம் குறைவாகவும் இருந்தது. ரிப்போர்ட்காரர் சிவப்பில் எழுதியது உங்களுக்குக் கொஞ்சம் சாதகமான எழுத்தைத்தான்.

மறுபக்கமும் உண்டு. இதே எழுத்துள்ளவர்களில் ஆஸ்துமா சற்றுக் கூடுதலாக இருப்பதை வேறு ஆய்வுகள் காட்டின. உங்களுக்கு இழுப்பு இருந்திருந்தால் இந்த வயதுக்குள் தெரிந்திருக்கும். 3.4 வீதம் என்று துள்ளவும் வேண்டாம். இரண்டு இலட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் கண்ணில் படுகிற வித்தியாசம் அது. அந்த மரபணு மாற்றம் ஆராய்ச்சியாளருக்குத் தங்கம், வாங்கியை அடைத்தால் இதயத்துக்கு நல்லதா என்று இயற்கையே நடத்திக் காட்டிய பரீட்சை என்று அதைக் கொண்டாடுகிறார்கள். தனி ஆளுக்கு, சீனியும் பிரஷரும் உள்ள 58 வயது மனிதருக்கு, அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் உங்கள் எச்பிஏ1சி எவ்வளவு என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை, கவனித்தீர்களா?

பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம். அந்தக் காசுக்கு கோல்பேஸில் பட்டம் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: மனைவிக்கு நாலு மாதமாக டொசிலிசுமாப் போகிறது. மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். சிஆர்பி 1-க்கும் குறைவு. கிருமி இல்லை என்று தானே அர்த்தம்? — மட்டக்குளி.

பதில்: இல்லை. இந்தப் பதில் அச்சாகும் வரைக்கும் காத்திருக்கக்கூடாது என்று உங்கள் இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஊசி ஈரலின் காதை அடைத்துவிடுகிறது. நியுமோனியாவே இருந்தாலும் சிஆர்பி எழும்பாமல் இருக்கலாம். காய்ச்சல்கூடக் குறைவாகத்தான் தெரியும். ஆகவே இந்த ஊசி எடுக்கிறவர்களுக்குச் சிஆர்பி சாட்சி சொல்லாது. ஆளைப் பார்க்கவேண்டும், நெஞ்சைக் கேட்கவேண்டும், எக்ஸ்ரே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்யவேண்டும். இரவில் அவசரப் பிரிவுக்குப் போனால், வாசலிலேயே "ஐஎல்-6 வாங்கியை அடைக்கும் ஊசி எடுக்கிறா, கடைசியாகப் போட்ட திகதி இது" என்று சொல்லுங்கள். ஒரு மட்டையில் எழுதி அவரது பேர்ஸில் அடையாள அட்டையோடு வையுங்கள். காய்ச்சல் நேரத்தில் அடுத்த ஊசியைப் போடுவதா பிற்போடுவதா என்பதை கிளினிக் டொக்டரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: உயர்தர உயிரியல் படிக்கிறேன். ஐஎல்6ஆர் மரபணு இரண்டு பிரதியும் பழுதாகவே ஒருவர் பிறந்தால் என்ன நடக்கும்? அழற்சியே வராதா? — மாணவி, பம்பலப்பிட்டி.

பதில்: பிள்ளை, நீ கேட்டதற்கு 2019-இல்தான் மனிதரில் பதில் கிடைத்தது. தொடர்பில்லாத இரண்டு குடும்பங்களில் ஒவ்வொருவர், இரண்டு பிரதியும் பழுது. திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று, தோலில் எக்ஸிமா, இரத்தத்தில் ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஇ என்ற எதிருடல் மிகக் கூடுதல். தொற்று இருந்தும் சிஆர்பி சரியாக எழும்பவில்லை. ஆகவே அழற்சி தொல்லை மட்டுமல்ல, கிருமியை அடக்கவும் அது வேண்டும். ஜிபி130 பழுதானாலும், ஸ்டாட்3 பழுதானாலும் இதைப் போன்ற அடையாளங்கள் வருகின்றன. மூன்றும் ஒரே பாதையில் இருப்பவை என்பதால் அதில் ஆச்சரியமில்லை.

பரீட்சைக்கு வராத ஒன்று, உன் ஆவலுக்காக: கப்போசி கட்டியோடு தொடர்புள்ள ஹெர்பிஸ் வைரஸ் தனக்கென்று ஒரு இன்டர்லூக்கின்-6 செய்கிறது. அதற்கு நம் வாங்கியே தேவையில்லை, நேராக ஜிபி130-இல் ஒட்டிவிடும்.

கேள்வி: மஞ்சளும் வெனிவெலும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்தால் இந்த வாங்கி அடைபடுமா? — கிருலப்பனை.

பதில்: அடைபடாது. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுகூடத் தட்டில் பல வித்தை காட்டும், குடித்தால் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவது சொற்பம். தடிமனுக்குக் கொத்தமல்லி குடியுங்கள், நானும் குடிக்கிறேன். அதை நம்பி மெதோட்ரெக்சேட்டை நிறுத்தாதீர்கள். அதை எடுக்கும்போது மூலிகைக் கசாயம் எதுவானாலும் டொக்டரிடம் சொல்லுங்கள், ஈரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டும். தினமும் என்று நினைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குளிசைப் பெட்டியில் அந்த நாளைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: சிக்குன்குன்யா வந்து மூன்று மாதம். கணுக்கால் இன்னும் வீங்குகிறது. ருமட்டொயிட் ஆகிவிட்டதா? — வத்தளை.

பதில்: பெரும்பாலும் இல்லை. சிக்குன்குன்யாவுக்குப் பிறகு மூட்டு நோவு மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் இழுக்கும். நோவு நீடித்தவர்களின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தால் மூட்டுவாத கிளினிக்கில் காட்டி, ருமட்டொயிட் காரணியும் சிசிபி எதிருடலும் பார்ப்பது நல்லது. இரண்டும் இல்லையென்றால் மனம் ஆறும். இருந்தால் நேரத்தோடு வைத்தியம் தொடங்கலாம். வீட்டில் வேறு யாருக்காவது இப்போது புதிதாகக் காய்ச்சலும் மூட்டு நோவும் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பரசிட்டமோல் மட்டும். டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் இரண்டும் கூடாது. பார்மசியில் கேட்டால் தருவார்கள் என்பதற்காக வாங்காதீர்கள்.